எழுதக் கற்பிப்பவர் எதைச் சொல்லலாம்?

சாம்பல்தீவில் ஒரு வாசிகசாலையில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். வகுப்பு என்பது சற்றுப் பெரிய சொல். 14 பிள்ளைகள், இரண்டு நீள வாங்குகள், சுழலும்போது கடகடவென்று சத்தமிடும் ஒரு மின்விசிறி. எல்லோரும் ஒன்பதாம், பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவனுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கவும் தெரிந்திருக்கும் என்று ஊரவர் நம்பினர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் 14 கட்டுரைகளும் மேசைக்கு வந்துவிட்டன. எழுத்துப் பிழைகள் குறைவு. கையெழுத்து அழகு. பதினொரு கட்டுரைகளில் எங்கள் ஊர் இயற்கை அன்னையின் மடியில் தவழ்ந்தது. பலவற்றில் மயில் ஆடியது, குயில் பாடியது, கழனிகளில் பொன்னிற நெல்மணிகள் தலைசாய்த்தன. ஒரு பிள்ளை எங்கள் ஊருக்கு ஒரு மலையருவியையும் தந்திருந்தாள். நிலாவெளி வீதியில், உப்புவெளியைக் கடந்து வரும் எவரும் அறிவர், சாம்பல்தீவில் அருவி கிடையாது. இருப்பது ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவில் வீதியும் பாலமும் வீடுகளும் தென்னைகளும் மணலும். அந்தக் கடல் பதினான்கு கட்டுரைகளில் இரண்டில் மட்டும் வந்தது. இரண்டிலும் அது 'நீலத்திரைக்கடல்'. அதில் யாரும் மீன் பிடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அது ஊருக்குள் வந்ததை யாரும் குறிப்பிடவில்லை. அவர்கள் பிறக்குமுன் நடந்தது என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் கதை பேசப்படாத வீடு இந்தக் கரையில் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வது எளிது. அது நியாயமாகாது. அவர்கள் பொய் எழுதவில்லை; புள்ளி கிடைக்கும் என்று தாம் அறிந்ததை எழுதினர். மாதிரிக் கட்டுரைப் புத்தகங்கள் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக விற்கப்படுகின்றன. ரியூட்டரிகளில் அவற்றை மனனம் செய்விக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் கட்டுரைக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். அந்த நேரத்திற்குள் சொந்த ஊரை நினைத்துப் பார்த்து எழுதுவதைவிட, பாடமாக்கிய ஊரை இறக்கி வைப்பது பாதுகாப்பானது. ஒரு பாடசாலை ஆசிரியை என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "சேர், உங்கட வகுப்புக்கு வாற பிள்ளையள் இப்ப 'வானம் கறுத்தது' எண்டு எழுதுதுகள். முந்தி 'கார்முகில் சூழ்ந்தது' எண்டு எழுதின பிள்ளையள். திருத்திற ஆள் எதுக்குக் கூடப் புள்ளி போடுவார்?" அவருடைய கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுமையான பதில் இல்லை. நாற்பது கொப்பிகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்கில்லை; நான் சனிக்கிழமை மட்டும் வருபவன்.

இரண்டாவது கிழமை தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. அன்று காலை எனக்கு நடந்ததைச் சொன்னேன். வீதியோரம் சைக்கிளில் மீன் விற்றவரிடம் சூடை மீன் வாங்கினேன். அவர் சொன்ன விலையில் 50 ரூபாய் குறைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பேரம் பேசினேன். அவர் குறைத்தார். பிறகு கடைக்குப் போய், கடதாசியில் அச்சிட்ட விலைக்கு ஒரு பிஸ்கற் பைக்கற்றை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு முழுவதும் கண்விழித்துக் கடலில் நின்றவர்கள் பிடித்த மீனுக்கு விலை குறைக்கக் கேட்ட எனக்கு, எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த பிஸ்கற்றுக்குக் குறைக்கக் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவுதான் கதை.

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. "சேர், அது என்ர மாமா" என்றான். வகுப்பு அடங்கியது. "வீட்ட வந்து உங்களைப் பற்றிச் சொன்னவர்" என்றான். என்ன சொன்னார் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினான். சரி, எழுது என்றேன். அரைப் பக்கம் எழுதினான். அதில் மயில் இல்லை, குயில் இல்லை. பேப்பரில் ஏழைகளுக்காக எழுதுகிற மனிசன் 50 ரூபாய்க்கு நின்ற நிலையும், அதைச் சொல்லி மாமா சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் சிரித்ததும், மாமி "அவருக்கும் பென்சன் இல்லைத்தானே" என்று எனக்காகப் பரிந்து பேசியதும் இருந்தன. என் வகுப்பில் எழுதப்பட்ட முதல் உண்மையான எழுத்து அதுதான். அதை உரக்க வாசித்தேன். வாசிக்கும்போது காது சுட்டது.

எழுதக் கற்பிப்பவன் முதலில் தன்னைக் கொஞ்சம் வெளியே வைக்க வேண்டும் என்று அன்று எனக்குப் பட்டது. இது புதிய கண்டுபிடிப்பல்ல. முதலாம் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய செலஸ்தேன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1920இல் தெற்குப் பிரான்சின் பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்துப் பாடசாலைக்கு வந்தார். நெடுநேரம் உரக்கப் பேசிப் படிப்பிக்க அவரால் முடியவில்லை. ஆகவே பிள்ளைகளை ஊருக்குள் நடக்கக் கூட்டிச் சென்றார். நெசவாளர், தச்சர், வயல், ஆறு என்று பார்த்துவிட்டு வந்து, கண்டதைப் பற்றி எழுதச் செய்தார். 1924இல் ஒரு சிறிய அச்சுப்பொறி வாங்கினார். பிள்ளைகள் தாமே எழுத்துக் கோத்து, தாம் எழுதியதைத் தாமே அச்சிட்டனர். அச்சிட்ட தாள்களை நாட்டின் மறுகோடியில், பிரெத்தாஞ் பிரதேசக் கடலோரத்துப் பாடசாலையொன்றின் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினர். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப்பிள்ளை கடலைப் பற்றியும், கடற்பிள்ளை மலையைப் பற்றியும் வாசித்தது. புள்ளி போடுபவருக்காக எழுதுவதும், தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளைக்காக எழுதுவதும் வேறுவேறு வேலைகள். ஓர் அச்சுப்பொறியும் தபால் முத்திரையும் அந்த வேறுபாட்டைச் செய்தன.

நம்மிடமும் இதற்குச் சாயலான ஒன்று நடந்திருக்கிறது. சென்னையில் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழுக்கு, திருகோணமலையிலிருந்து தருமு சிவராம் என்ற இருபது வயது இளைஞர் தபாலில் எழுதி அனுப்பினார். பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவர். கடல் கடந்து போன கடித உறைகளில்தான் அவருடைய தொடக்கம் இருந்தது. மூதூரில் ஆசிரியராக இருந்த வ.அ. இராசரத்தினமோ கொட்டியாரக் குடாவின் கரையை விட்டு அகலாமல் எழுதினார். சொந்தத் தோணியில்லாத மீனவச் சிறுவனின் ஏக்கத்தை எழுதிய அவருடைய 'தோணி' 1962இல் தொகுதியாக வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. என் பிள்ளைகள் கோத்து வைத்த 'நீலத்திரைக்கடல்' அவருடைய கடல் அல்ல. இதே மாவட்டத்தில் ஒரு வாத்தியார் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார் என்பதை நான் வகுப்பில் சொன்னபோது, 14 பேரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

நிற்க. நான் சொல்ல வந்தது இந்த மகிழ்ச்சியான பகுதியை அல்ல.

என் அன்றாட அனுபவங்களைச் சொல்லத் தொடங்கிய பிறகு வகுப்பு நன்றாகவே போனது. ஒரு நாள் என்னுடைய பழைய செய்திக்கட்டுரை ஒன்றை வாசித்தேன். அதில் 'மீனவர்கள் கரைவலையை வீசினர்' என்று எழுதியிருந்தேன். "கரைவலையை வீசிறேல்லை சேர், வளைக்கிறது" என்றாள் ஒரு பிள்ளை. "வீசிறது வீச்சுவலை." வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் அரைவட்டமாக இறக்கி, இரண்டு கயிற்று நுனிகளையும் கரையில் நின்று இழுக்கும் முறையை அவள் கரும்பலகையில் படமாகக் கீறினாள். மடி எங்கே இருக்கும், சம்மாட்டி எங்கே நிற்பார், பாடு என்றால் என்ன என்றெல்லாம் சொன்னாள். மூன்று பத்தாண்டுகளாக நான் பிழையாக எழுதியதை எந்த உதவி ஆசிரியரும் திருத்தவில்லை. எல்லோரும் என்னைப் போலவே மேசையிலிருந்து கரைவலை பார்த்தவர்கள்.

இந்த உற்சாகத்தில் ஒரு கிழமை நான் அனுபவத்தை விட்டு அபிப்பிராயத்துக்குத் தாவினேன். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கரையோரம் எழும் சுற்றுலா விடுதிகளைப் பற்றிப் பேசினேன். கரைவலைப் பாடுகள் சுருங்குவதையும், மீனவர் நடந்துவந்த ஒழுங்கைகளுக்கு வேலி விழுவதையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நான் சொன்னவற்றை இன்றும் பொய்யென்று கருதவில்லை. அடுத்த கிழமை 'எங்கள் கடற்கரை' பற்றி எழுதச் சொன்னபோது, 14 பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் விடுதிகளைக் கண்டித்து எழுதியிருந்தனர். சொற்கள் என்னுடையவை. வாக்கியங்களின் வளைவு என்னுடையது. ஒருவன் நான் இடையில் தொண்டையைச் செருமிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தானோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறேன், அன்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார். கையில் கொப்பி. "சேர் கோவிக்கக்கூடாது" என்று தொடங்கினார். "விடுதியளைப் பூட்ட வேணும் எண்டு பிள்ளை எழுதியிருக்கிறாள். நீங்கள் 'மிக நன்று' எண்டு போட்டிருக்கிறியள். நான் ஒரு விடுதியிலதான் கட்டில் விரிப்புத் தோய்க்கிறன். அவளின்ர அப்பா இல்லை. அந்தக் காசிலதான் இந்தக் கொப்பி வாங்கினது." அவர் குரலில் கோபம் இல்லை. விளக்கம் கேட்கிற தொனிதான். "பிள்ளை உண்மையா அப்பிடி நினைக்கிறாளா, இல்லாட்டி சேருக்காக எழுதினாளா எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார்.

எனக்கும் அது தெரியவில்லை. பிள்ளைக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. மயிலும் குயிலும் போய் விடுதியும் வேலியும் வந்திருந்தன. புள்ளி போடுபவரின் விருப்பத்தை மோப்பம் பிடித்து எழுதும் பழக்கம் மாறவில்லை. இன்னும் மோசமாக, மயிலைப் பற்றி எழுதிய பிள்ளை எவருடைய சோற்றிலும் கைவைக்கவில்லை. என் மாணவி தன் தாயின் வேலைக்கு எதிராக எழுதி, அதற்கு என்னிடமிருந்து 'மிக நன்று' பெற்றிருந்தாள்.

ஆசிரியன் தன் கருத்தை வகுப்பில் சொல்லவே கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியின் தொஸ்கானா மலைப்பகுதியில், பார்பியானா என்ற குக்கிராமத்தில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954 முதல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பேசுவது அங்கு வழக்கம். அவர் கருத்தை ஒளித்தவரல்ல. இராணுவ சேவையை மறுத்தவர்களை ஆதரித்து எழுதி நீதிமன்றம் வரை போனவர். ஆனால் அவருடைய மாணவர் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967இல் வெளியிட்ட 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் உருவான முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் தனித்தனித் துண்டுத் தாளில் குறித்தனர். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒன்றுபோலுள்ளவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, பிறகு நீக்கக்கூடிய ஒவ்வொரு சொல்லையும் தேடி நீக்கினர். ஆசிரியரின் கருத்தும் அந்த மேசையில் ஒரு துண்டுத் தாள்தான். என் மேசையிலோ ஒரே ஒரு தாள். அதைப் பன்னிரண்டு பேர் படியெடுத்தார்கள். எனக்கும் அவருக்குமான வித்தியாசம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன், தாய் யாரென்று சொல்லாமல். விடுதிகளைப் பற்றி நான் அரைவாசிதான் சொன்னேன், மற்ற அரைவாசி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை ஒன்றும் எழுதவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு பக்கம் கொண்டுவந்து தந்தாள். விடுதி நல்லதா கெட்டதா என்று அதில் ஒரு சொல் இல்லை. அம்மா வேலையால் வந்ததும் கையை மணந்து பார்ப்பதாகவும், வெளிறுதூள் மணத்தால் அந்தக் கையால் குழைத்த சோறு வேறு மாதிரி இருப்பதாகவும், லீவு நாளில் மட்டும் அம்மாவின் சோறு அம்மாவின் சோறாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள். நான் முக்கால் மணி நேரம் பேசிச் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. 'மிக நன்று' என்று எழுதக் கை கூசியது. வாசித்தேன் என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

என் நிலைப்பாடு இப்போது இதுதான்: அனுபவத்தைத் தாராளமாகச் சொல்லலாம், குறிப்பாகத் தன் முட்டாள்தனங்களை. கருத்தைப் பிந்திச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு. சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; மீனை விற்றவரின் மருமகன் பின்வாங்கில் இருக்கிறான் என்ற நினைப்போடு சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளையின் எழுத்து ஆசிரியருக்கு ஆபத்தாகவும் முடியும். ஃபிரெனே பின்னர் சென்-போல் என்ற ஊரில் கற்பித்தபோது, ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதியது. கனவில் ஊர் மேயர் கொல்லப்படுகிறார். எதிரணியினர் அதைச் சுவரொட்டியாக்கினர். 1933இல் அவர் அந்தப் பாடசாலையை விட்டு நீங்க நேர்ந்தது. பிரான்சில் ஒரு கனவுக்கே அந்தக் கதியென்றால், எங்களுடைய போர்க்காலத்தில் கனவல்லாதவற்றை எழுதச் சொல்ல எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? மயிலும் குயிலும் ஒருவகையில் எங்களைக் காப்பாற்றின. 'எங்கள் ஊர்' கட்டுரையில் சோதனைச்சாவடி இல்லாதது பிள்ளைகளின் கற்பனை வறட்சியால் மட்டும் அல்ல. தலைமுறையொன்று ஒன்றும் சொல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டது. அந்தப் பழக்கம் 2009க்குப் பிறகும் கொப்பிகளில் தங்கிவிட்டது.

பத்திரிகையாளர் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். 'இனந்தெரியாத நபர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.' செயப்பாட்டு வினை எங்களுக்கு இலக்கணம் அல்ல, கவசம்.

இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதா என்று பல கிழமைகள் யோசித்தேன். அவர்களே ஒருநாள் கேட்டார்கள். கடற்கரையில் நடந்த நினைவேந்தலைப் பார்த்துவிட்டு வந்து ஒருவன் கேட்டான். நான் கருத்துச் சொல்லவில்லை, திகதி சொன்னேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்று சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவர் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் 2013இல் கைதான, விசேட அதிரடிப்படையினர் உட்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜன் அந்தப் படங்களோடு தலையங்கம் எதுவும் எழுதவில்லை என்று சொன்னேன். காயம் எங்கே இருந்தது என்பதை மட்டும் அவர் காட்டினார்.

மீன்காரரின் மருமகன் கேட்டான்: "சேர், அந்த வருசம் நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

அடுத்த கிழமை என் பழைய செய்தி நறுக்குகள் இருந்த கோவையைக் கொண்டுபோனேன். தாள்கள் மஞ்சளாகி, மடிப்புகளில் கிழிந்திருந்தன. பிள்ளைகள் வாங்குகளை இழுத்துப் போட்டு வட்டமாக இருந்து வாசித்தனர். ஒரு செய்தியில் ஒரே பந்திக்குள் 'இனந்தெரியாத' மூன்று முறை வந்தது. கரைவலை கீறிய பிள்ளை பென்சிலை எடுத்து, "இதில எழுதலாமா சேர்?" என்று கேட்டாள். எழுது என்றேன். மூன்று சொல்லுக்குக் கீழும் கோடிட்டு, ஓரத்தில் 'யார்?' என்று எழுதினாள். பிறகு, என்னைப் பார்த்து, "உங்களுக்கு அப்ப தெரியுமா?" என்றாள்.

சில வேளைகளில் தெரியும் என்று சொன்னேன். மின்விசிறி சத்தம்தான் கேட்டது. யாரும் அன்று எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை, கடல் அமைதியாக இருந்தால், விடியற்காலையில் கரைவலை வளைப்பதைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. கொப்பி கொண்டுவரத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன். கயிறு இழுக்கக் கை வேண்டும்.